விளக்கு அணைந்தால் தொடக்கூடாது

நந்தனம் வந்தால் ஒரு வார்த்தை சொல்கிறீர்களா சார்? நான் கோயமுத்தூர். காலையில்தான் சென்ட்ரலில் இறங்கினேன். மெட்ராஸ் எனக்குப் பழக்கமில்லை. பதினொரு மணிக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். நீங்கள் கிண்டி வரைக்குமா? அப்படியானால் நல்லதாகப் போயிற்று. இல்லையில்லை, ஜன்னலோரம் நீங்களே இருங்கள். எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை.

கிளம்பிவிட்டதா வண்டி? பாருங்கள், கிளம்பியதே தெரியவில்லை. பேட்டரி பஸ்ஸா இது? ஏறும்போது கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அடுத்த வண்டிக்கு நின்றிருப்பேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு இந்த வண்டிகள் மேல் கோபமெல்லாம் கிடையாது. பஸ்ஸுக்குச் சரி, ஸ்கூட்டருக்குச் சரி. ரேஸுக்கு ஆகாது. அதைத்தான் நான் முதலிலிருந்தே சொன்னேன். யாராவது கேட்டார்களா?

கார் ரேஸ் சார். பல்லடம் தாண்டி உள்ளே போனால் எங்கள் கிளப்புக்கு ட்ராக் இருக்கிறது. டிவியில் வருகிற பெரிய ரேஸ் இல்லை. ஆனால் தென்னாட்டில் மேல்மட்டம் என்றால் அதுதான். அந்தக் கிளப்பின் டெக்னிகல் கமிட்டிக்கு நான் செயலாளர். பெயர் சென்னியப்பன். எந்த வண்டி ஓடலாம், எது ஓடக்கூடாது, எந்த எண்ணெய் ஊற்றலாம், எல்லா ரூலும் என் கையால் எழுதியது. இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று. ஜெர்மனியில் பதினெட்டு வருஷம் எஞ்சின் சோதனைக்கூடத்தில் இருந்துவிட்டு வந்தவன், இவனுக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சின், இந்தப் பக்கம் நான். அப்படியே பதினெட்டு வருஷம். பிறகு ஒருநாள் எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு அதே மேடையில் பேட்டரியை வைத்தார்கள். எங்கள் ஏழு பேருக்கும் கேக் வெட்டி, கை கொடுத்து அனுப்பினார்கள். அதற்கும் நான் சொல்லவருவதற்கும் சம்பந்தமில்லை. சும்மா சொன்னேன்.

ஜோதிலிங்கம் என்று என் மாப்பிள்ளை. மகளைக் கட்டியவன் இல்லை சார், எங்கள் பக்கம் மனைவியின் தம்பியை மாப்ளே என்றுதான் கூப்பிடுவோம். அவன் என்னை மச்சான் என்பான். முப்பத்தொன்பது வயசு. கோயமுத்தூர் கணபதிப் பகுதியில், பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் பட்டறை. பதினைந்து வருஷமாக எங்கள் ட்ராக்கில் பெட்ரோல் வண்டி ஓட்டியவன். இரண்டு தடவை கப் வாங்கியவன். அவனுக்குப் போன மாசியில் புத்தி மாறியது. தானே மோட்டார் கட்டி, பேட்டரி அடுக்கி, ஒரு காரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து நின்றான். ஓப்பன் பிரிவில் ஓட்ட வேண்டுமாம். ஓப்பன்தான் எங்களில் மேல் பிரிவு.

அன்றைக்கு நடந்த பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எங்கள் தலைவர் துரைவேல் அண்ணன், நூல் மில்காரர், ஏற்கெனவே ஆலைச் சாராயத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தார். எத்தனால் சார், கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுப்பார்களே அது. அதற்கு நானும் மறுப்பு சொல்லவில்லை. அதுவும் எஞ்சினுக்குள் வெடிக்கிறது, பிஸ்டனைத் தள்ளுகிறது, சத்தம் போடுகிறது. இது?

"இன்னைக்கு இதுக்குச் சரின்னா நாளைக்கு ஹைட்ரஜன்னு ஒருத்தன் வருவான், சாணி கேஸுன்னு ஒருத்தன் வருவான்" என்று நான் சொன்னேன். "அப்பறம் குதிரையக் கூடக் கொண்டாருவீங்களா?"

ஜோதி எழுந்தான். "மச்சான், ரேஸுங்கறது ஆரு முன்னால போறாங்கன்னு பாக்கறதுதானுங்க? எதுல போறாங்கன்றது எதுக்கு? குதிரை முன்னால வந்துச்சுன்னா குதிரைக்கே கப்பக் குடுங்க."

எல்லாரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். அவன் விடவில்லை. "நம்மூரே கரண்டு மோட்டார்ல கஞ்சி குடிக்கிற ஊரு. கெணத்துக்கு மோட்டார் வேணும், மில்லுக்கு மோட்டார் வேணும், மாவாட்டக் கூட மோட்டார் வேணும். ரேஸுக்கு மட்டும் ஆகாதுங்களா? அங்க மட்டும் என்ன தீட்டு?"

"சத்தமில்லாம என்ன ரேஸுடா மாப்ளே? சாவு வீட்டுக்குப் போற மாதிரி."

"உங்களுக்குச் சத்தந்தான வேணும்? ஓட்டும்போது நானே கத்தறனுங்."

மறுபடியும் சிரிப்பு. துரைவேல் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் எதற்கும் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டார். பாதுகாப்பு ரூலை மட்டும் நீயே எழுது சென்னியப்பா என்றார்.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அந்த வண்டிக்குத் தலைக்கு மேல் ஒரு விளக்கு இருக்க வேண்டும். பச்சை எரிந்தால் வண்டியின் உடம்பில் கரண்ட் இல்லை, தொடலாம். சிவப்பு எரிந்தால் தொடக்கூடாது. அணைந்துபோனாலும் தொடக்கூடாது. நானூறு வோல்ட் சார். முதல் தடவை தொடுகிறவனுக்கு இரண்டாம் தடவை கிடையாது. பயிற்சி வாங்கிய ஆள் ரப்பர் கையுறை போட்டு, மீட்டர் வைத்து இரண்டு முறை அளந்து பார்த்த பிறகுதான் மற்றவர்கள் கிட்டே போகலாம்.

வெளிநாட்டிலும் இதேதான். என்ன, அங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் கையுறையோடு நாலு பேர் நிற்பார்கள். இங்கே ஒரே ஒரு வண்டிக்காக நாற்பது பேருக்குப் பயிற்சியா? வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பயிற்சி கொடுத்தால் இந்த வண்டிகள் நிரந்தரமாகிவிடும் சார், அது உங்களுக்குப் புரிகிறதா? ஒரு சீசன் பார்ப்போம், தானாகப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆகவே பயிற்சி பெற்ற ஆள் என்று ஒருவன்தான். நான். ஒரு ஜோடி கையுறை. அது என் அறை பீரோவில் பத்திரமாக இருந்தது. சாவி என் இடுப்பில்.

இது என்ன, ஆயிரம் விளக்கா? ம்.

ரேஸ் அன்று காலை ஆறரைக்கு மார்ஷல்களை வரிசையாக நிறுத்துவேன். மார்ஷல் என்றால் கொடி காட்டுகிறவர்கள், விபத்து நடந்தால் முதலில் ஓடுகிறவர்கள். லேத் பட்டறை ஆட்கள், டிராவல்ஸ் டிரைவர்கள், எல்லாரும் ஆசைக்கு வருகிறவர்கள். ரூலைப் படிக்கச் சொன்னால் படிக்கமாட்டார்கள். அதனால் நான் கேட்பேன், அவர்கள் ஒட்டுக்காக, ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் இட்லிப் பொட்டலம்.

"பச்சை எரிஞ்சா?"

"தொடலாம்!"

"சிவப்பு எரிஞ்சா?"

"தொடக்கூடாது!"

"அணைஞ்சு போச்சுன்னா?"

"தொடக்கூடாது!"

"டிரைவரே கூப்பிட்டா?"

"தொடக்கூடாது!"

அந்த நாலாவது கேள்வி வேறெந்த நாட்டு ரூலிலும் இல்லை. நான் சேர்த்தது. அடிபட்டவன் பதற்றத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்வான், அவன் பேச்சை நம்பி இன்னொருவன் சாகக்கூடாது. நியாயம்தானே? ஜோதி அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டே நிற்பான். "ஏனுங் மச்சான், கல்யாணமாகாத புள்ளைக்குச் சொல்ற மாதிரியே சொல்லித் தர்றீங்க!" என்பான். வரிசையே குலுங்கும். இட்லி கிடைக்காது என்று நான் முறைத்தால்தான் அடங்குவார்கள்.

முதல் ரேஸில் அவனை எல்லாரும் வேடிக்கைதான் பார்த்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, எஞ்சினை மூன்று தடவை முறுக்கிவிட்டு ஏற்றுவது எங்கள் வழக்கம். இவன் எதை முறுக்குவான்? பழம் நசுங்கியதுதான் அவன் வண்டியின் சத்தம். அப்படித்தான் கேலி பண்ணினார்கள். நானும் பண்ணினேன். நாலாவதாக வந்தான். இரண்டாவது ரேஸில் இரண்டாவது. திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது அந்த வண்டி ஒரு இழுப்பு இழுக்கும் பாருங்கள், பெட்ரோல்காரன் கியரை மாற்றுவதற்குள் இவன் போயிருப்பான். அன்றைக்குக் கூட்டத்தில் யாருமே கேலி பண்ணவில்லை. சின்னப் பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தின. அவன் சொன்னதுபோல அந்த வண்டிக்குச் சத்தம் வந்துவிட்டது.

எனக்குப் பொறாமை என்று நினைக்கிறீர்களோ? என் சொந்த மாப்பிள்ளை சார். ஜெயித்தால் எங்கள் வீட்டில்தான் பாயசம்.

மூன்றாவது ரேஸ் ஆடியில். பல்லடத்து ஆடிக்காற்று உங்களுக்குத் தெரியாது, நின்றால் ஆளைத் தள்ளும். ஒன்பதாவது சுற்றில் ஜோதி முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஏழாம் திருப்பத்தில், பின்னால் வந்த பெட்ரோல் வண்டி பிரேக் பிடிக்க முடியாமல் இவன் வண்டியின் இடுப்பில் இடித்தது. இவன் வண்டி ஒரு புரட்டு புரண்டு, டயர் அடுக்கிய சுவரில் மோதி நேராக நின்றது. சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்திவிட்டார்கள். நான் ஏழாம் திருப்பத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இருபது அடி. இருபது அடி கூட இருக்காது.

விளக்கு அணைந்திருந்தது.

அந்தத் திருப்பத்துக்கு மயில்சாமி என்று ஒரு மார்ஷல், லேத் ஓட்டுகிறவர், என் வயசு இருக்கும். அவரும் இன்னும் மூன்று பேரும் ஓடினார்கள். பத்தடிக்கு முன்னால் நாலு பேரும் அப்படியே நின்றார்கள் சார். யாரும் சொல்லவில்லை. தானாக நின்றார்கள். அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஜோதிக்கு நினைவிருந்தது. முன்பக்கம் நசுங்கி வலது கால் உள்ளே மாட்டியிருந்தது. கீழே ரத்தம் சொட்டுகிறது, தெரிகிறது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், கட் பண்ணிட்டனுங்க. சுவிட்சப் புடுங்கிட்டேன். கரண்டு இல்ல. வாங்க."

நான் வாக்கி-டாக்கியில் ஜீப்பைக் கூப்பிட்டேன். ஜீப் வந்தது. டிரைவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, பீரோவில் கையுறை இருக்கிறது எடுத்து வா என்று அனுப்பினேன். நானே போயிருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். நான் எப்படிப் போவது? பொறுப்பாளர் இடத்தை விட்டு நகரக்கூடாது என்று ரூல். ஆமாம், அதுவும் நான் எழுதியதுதான். கொத்தில் ஒன்பது சாவி. எது பீரோ சாவி என்று சொல்லி அனுப்பவில்லை. அது ஒன்றுதான் நான் செய்த தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

"மச்சான், காலு மரத்துப் போவுதுங்க. தொடுங்க, ஒண்ணும் ஆவாது. நான் கட்டின மோட்டாருங்க, எனக்குத் தெரியாதா?"

மயில்சாமி ஒரு அடி எடுத்து வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், அவரு கூப்புடறாரு சார்" என்றார். "கால வெச்சீங்கன்னா இனி இந்த ட்ராக் பக்கமே வரமுடியாது" என்றேன். காற்று வேறு. எங்கள் பின்னால் யாரோ, மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, "டிரைவரே கூப்பிட்டா தொடக்கூடாது, டிரைவரே கூப்பிட்டா தொடக்கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழு நிமிஷம் சார்.

நீங்கள் யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால்? எரிந்தால் தீ கண்ணுக்குத் தெரியும். எரியாவிட்டால் எரியவில்லை என்று தெரியும். எரிகிற வண்டிக்குள் கையை விட்டு ஆளை இழுத்தவன் சார் இந்த மயில்சாமி. புருவம் பாதி இன்னும் முளைக்கவில்லை அவருக்கு. கரண்டை என்ன செய்வது? பார்க்க முடியாது, மோந்து பார்க்க முடியாது, கேட்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், ரேஸுக்கு ஆகாது என்று. குற்றம் யாருடையது? நின்றவர்களுடையதா? நிற்க வைத்த வண்டியினுடையதா?

ஜீப் வந்தது. கையுறை புத்தம் புதுசு, உறை பிரிக்கவில்லை. உள்ளே பவுடர் வாசம் அடித்தது. போட்டுக்கொண்டு போனேன். சுவிட்ச் ஏற்கெனவே பிடுங்கித்தான் இருந்தது. மீட்டர் வைத்தேன். பூஜ்யம். இரண்டாவது தடவை வைத்தேன். ரூல்படி இரண்டு தடவை. ஜோதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவையும் பூஜ்யம். விளக்குக்குப் போகும் வயர் மோதலில் அறுந்திருந்தது, அவ்வளவுதான். தலைமுடி கனத்தில் ஒரு வயர். பிறகு கையைத் தூக்கிக் காட்டினேன். நாலு பேரும் பாய்ந்து வந்தார்கள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

முன்னாலேயே வெளியே எடுத்திருந்தால் கால் இருந்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் வசந்தாமணி, என் மனைவி, சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், எல்லாம் செய்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. ஒரே ஒரு நாள் கேட்டாள். அரிசி களைந்துகொண்டே, திரும்பாமல் கேட்டாள். "ஏனுங்க, அவன் தொடுங்க தொடுங்கன்னு சொன்னானாமே. நெசங்களா?" நான் நானூறு வோல்ட் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் களைய ஆரம்பித்தாள்.

மணி என்ன சார்? பத்தே முக்காலா? சரி, வந்துவிடும்.

இன்றைக்கு எதற்குப் போகிறேன் என்று சொல்லவில்லையே. கிளப்புகளுக்கெல்லாம் மேலே ஒரு சங்கம் இருக்கிறது, நந்தனத்தில் ஆபீஸ். பேட்டரி வண்டியை மேல் பிரிவில் விடுவதா வேண்டாமா என்று இன்றைக்கு முடிவு பண்ணுகிறார்கள். துரைவேல் அண்ணன் ஏற்கெனவே ஓர் அறிக்கை அனுப்பிவிட்டார். விபத்துக்குக் காரணம் வண்டியின் மின் அமைப்பு என்று. நானும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தச் சமயத்தில் போட்டுவிட்டேன். நேரில் பார்த்தவன் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினொன்றுக்கு நான் இல்லையென்றால் அறிக்கையை வைத்தே முடித்துவிடுவோம் என்று கடிதத்தில் இருக்கிறது. ஜோதியால் இன்னும் பயணம் பண்ண முடியாது.

போன வாரம் அவனைப் பார்க்கப் போனேன். பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தான். கட்டைக்கால் இன்னும் வரவில்லை. என்னைத் திட்டுவான் என்று நினைத்துத்தான் போனேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"வாங்க மச்சான், டீ சொல்லட்டுங்களா?" என்றான். டீ வந்தது. குடித்தோம். பிறகு சொன்னான். "ஒண்ணே ஒண்ணுங்க. மெட்ராஸ்ல வண்டியக் குத்தம் சொல்லாதீங்க. வண்டி நல்ல வண்டி. அத்தன அடி வாங்கியும் சுவிட்சு புடுங்கினதும் கரண்டு நின்னுருச்சு, நீங்களே அளந்தீங்கள்ல? ரூலச் சொல்லுங்க. திருப்பத்துக்குத் திருப்பம் கையுறை வேணும், ஆளு வேணும்னு சொல்லுங்க. அடுத்த சீசனுக்கு நானில்லீன்னா இன்னொருத்தன் ஓட்டட்டும்."

"ரூலு எழுதினவன் நான்டா மாப்ளே."

"தெரியுமுங்க மச்சான்" என்றான். அவ்வளவுதான். காயில் சுற்றப் போய்விட்டான்.

எனக்கு அந்த வார்த்தைதான் சார். தெரியும் என்றானே, அதில் என்ன இருந்தது? கோபமா? கோபம் மாதிரி இல்லை. ரயிலில் வந்த வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பையில் இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள். இது மூன்று பக்கம், இங்கிலீஷ். பேட்டரி வண்டி மேல்மட்ட ரேஸுக்கு ஏன் ஆகாது என்று எல்லாக் காரணமும் இருக்கிறது, ஒன்றில் கூட ஓட்டை கிடையாது. இது தமிழில், ஆறே வரி. அந்த நாலாவது கேள்வியைச் சேர்த்தது யார், கையுறை எங்கே இருந்தது, ஏன் ஒரு ஜோடி மட்டும் இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை. எதைக் கொடுப்பது என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். உள்ளே போனால் தெரிந்துவிடும் என்று ஒரு எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இல்லை, நீங்கள் என்ன சொல்வீர்கள், பாவம், உங்களுக்கு ரேஸைப் பற்றித் தெரியாது. ஆனால் ஒரு மனுஷன் வாசல் வரைக்கும் போய்விட்டால் ஏதாவது ஒன்று பேசித்தானே ஆக வேண்டும்? அந்த ஆறு வரியும் வாயில் வந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ராத்திரி ரயிலில் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிந்தது.

இது என்ன பாலம்? கீழே ஆறு மாதிரி இருக்கிறதே.

அடையாறா? அப்படியென்றால் நந்தனம்? ... எப்போது? சைதாப்பேட்டையும் தாண்டியாயிற்றா?

கண்டக்டர் கூவினாரா? எனக்குக் கேட்கவில்லையே. வண்டி நின்றதே தெரியவில்லை சார். ஒரு உறுமல், ஒரு குலுக்கல், ஏதாவது இருந்தால்தானே மனுஷனுக்கு நின்றது தெரியும், கிளம்பியது தெரியும்? இதைத்தான் நான் சொன்னேன், இந்த வண்டிகளை நம்ப முடியாது என்று.

மணி பத்து ஐம்பத்தெட்டு. இறங்கி எதிர்ப்பக்கம் போய், வண்டி பிடித்து... இல்லை. இனிமேல் ஆகாது. நான் போய்ச் சேருவதற்குள் ஆரம்பித்திருப்பார்கள். அறிக்கை மேஜையில் இருக்கும், என் கையெழுத்தோடு.

நீங்கள் சொல்கிறேன் என்றுதானே சொன்னீர்கள்? சொன்னீர்களா? இரண்டு தடவையா? நான் பேசிக்கொண்டே இருந்தேனா?

என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு சாண் கூட இல்லை.

தொட்டிருக்கலாமே சார்.